லேகியம் சாப்பாட்டில் சேராது

நவம்பர் 18, செவ்வாய்

இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். ரஞ்சனியின் வளைகாப்புப் பந்தியில் அவள் மூன்றாவது கப் ஐஸ்கிரீமுக்குக் கை நீட்டியபோதே, "பிறக்கப்போற பிள்ளைக்கு வயித்துக் கோளாறு உண்டு, எழுதி வெச்சுக்கிடுங்க" என்று மைக்கைப் பிடித்துச் சொன்னேன். மைக் என்னுடையது. பூசைப்பாண்டி சவுண்டு சர்வீஸ், கோவில்பட்டி. நானூறு பேர் கேட்டார்கள். ஒருத்தரும் எழுதி வைக்கவில்லை. கடைசியில் நானே எழுத வேண்டியதாகிவிட்டது.

ரஞ்சனி என் அக்கா முத்துக்கனியின் மகள். நான் தாய்மாமன், அதே வீட்டில் மாடி அறை. தலைப்பிரசவத்துக்கு வந்தவள். பெண் பிள்ளை, இன்றோடு இரண்டு மாதம். பத்து நாளாகப் பிள்ளை வெளிக்குப் போவதில் சளி மாதிரி வருகிறது, அதில் சிவப்பு நூல் மாதிரி ரத்தம். கன்னம் இரண்டும் உப்புத்தாள்.

இன்றைக்கு ஆஸ்பத்திரி. குழந்தை டாக்டரம்மா சொன்னது: தாய் சாப்பிடும் பாலில் உள்ள சத்து தாய்ப்பால் வழியாகப் போகிறது, அது இந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பசுவோ எருமையோ, பால், தயிர், மோர், நெய், வெண்ணெய், பால் பவுடர் கலந்த எதுவும் தாய் வாயில் படக்கூடாது. தினமும் அவள் என்ன சாப்பிட்டாள், பிள்ளை எப்படிப் போனது, ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு டிசம்பர் 4 வர வேண்டும். அதற்குள் ரத்தம் நிற்காவிட்டால் தாய்ப்பாலை நிறுத்திவிட்டுத் தனி டின் பால்.

"நிறுத்த" என்ற சொல்லைக் கேட்டதும் ரஞ்சனி பிள்ளையை இறுக்கினாள். முதல் மூன்று வாரம் பிள்ளை வாய் வைக்காமல், மார்பில் வெடிப்பு விழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பழக்கியவள். "டாக்டர், கல்லத் திங்கச் சொன்னாலும் திங்கேன். பால மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க" என்றாள்.

நோட்டை அவளே எழுதுவதாகச் சொன்னாள். நான் பிடுங்கிக்கொண்டேன். தின்கிறவளே எழுதினால் அது நோட்டா? திருடன் கையில் சாவி. நான் எட்டாம் வகுப்பு, அரையாண்டு வரை. ஆனால் என் கையெழுத்தைப் பார்த்துத் தலைமையாசிரியரே எழுந்து நின்றிருக்கிறார்.

டாக்டரம்மா இதைப் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும். முப்பது வருஷம் கல்யாண வீடுகளில் சாப்பிட்ட அனுபவம் எனக்கு. அவர்களுக்கு வயது முப்பதே இருக்காது.

நவம்பர் 19, புதன்

காலை: நல்லெண்ணெய் தோசை நான்கு, தேங்காய்ச் சட்னி. மதியம்: சோறு, முருங்கைக்கீரைப் பொரியல், பூண்டுக்குழம்பு. மோர் இல்லை. சாயந்திரம்: எள்ளுருண்டை இரண்டு, கடுங்காப்பி. ராத்திரி: கேப்பை ரொட்டி, கருவாடு.

பிள்ளை: நான்கு முறை. ஒன்றில் ரத்தம்.

மதியத்துக்குப் பால்சுறாப் புட்டு அவிக்கச் சொல்லியிருந்தேன். அக்கா அவிக்கவில்லை. "டாக்டரு பால் வேண்டாம்னுட்டாகல்லா?" என்கிறாள். சுறாவுக்கு மடி ஏதுக்கா என்று கேட்டதற்கு, "பேருல இருக்குல்லா, எதுக்கு வம்பு?" என்றாள். இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டுதான் நான் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கிறது.

காலையில் வெறும் வயிற்றில் லேகியம் உண்டு, சாயந்திரமும் உண்டு, நெல்லிக்காய் அளவு. அது மருந்து. சாப்பாட்டில் சேராது. ஆகையால் மேலே எழுதவில்லை.

ரஞ்சனி அதை வாயில் போடும் முன்னால் நிறுத்தி, "மாமா, இந்தப் பூண்டு லேகியத்துல பால் நெய் ஏதும் உண்டா?" என்று கேட்டாள். கேட்ட தொனி எனக்குப் பிடிக்கவில்லை. பிரசவ லேகியம் என் சீர். சபையில் வைத்து, "என் மருமவளுக்கு நானே என் கையால கிளறுனது" என்று சொல்லிக் கொடுத்தது. அதை எல்லார் முன்னாலும் சந்தேகப்பட்டால்?

"ஒரு சொட்டு கிடையாது தாயி. குத்தாலத்துச் சித்த வைத்தியர் பக்குவம். பூண்ட சுக்குத் தண்ணியில மூணு மணி நேரம் வேக விட்டு, கருப்பட்டி போட்டு, செக்கு நல்லெண்ணெய் ஊத்தி, மூணு நாளு நின்னு கிளறுனேன். தோள்பட்டை இன்னும் வலிக்கி" என்றேன். அவள் சாப்பிட்டாள்.

நவம்பர் 20, வியாழன்

இட்லி, புளிக்குழம்பு, பீர்க்கங்காய், சோறு, அவித்த கடலை. பிள்ளை ஐந்து முறை. ரத்தம் இரண்டில்.

ரஞ்சனி வீட்டிலுள்ள பாக்கெட்டையெல்லாம் தரையில் பரப்பி, பின்னால் உள்ள பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். ரொட்டியில் பால் பவுடராம். ரஸ்க்கில் பால் பவுடராம். சூப் பாக்கெட்டில்கூட. ஒவ்வொன்றாக என் பக்கம் தள்ளினாள். இதெல்லாம் எனக்கு முன்னமே தெரியும். அவள் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருந்தேன்.

நவம்பர் 22, சனி

சங்கரன்கோவிலிலிருந்து ரஞ்சனியின் மாமியார் சங்கரவடிவு வந்தாள், கையில் தூக்குச்சட்டி நிறைய நெய் மைசூர்பாகு. ரஞ்சனி வேண்டாம் என்றாள்.

"நாலு பெத்து நாலுக்கும் பால் குடுத்தவ நான். நெய்யத் தின்னா பிள்ளைக்கு ரத்தம் வரும்னு எந்த ஊருல சொன்னான்?"

"டாக்டர் சொன்னாங்க அத்தை."

"டாக்டர் பெத்துருக்காளா?"

"தெரியல. கேட்டுட்டு வந்து சொல்லுதேன்."

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. சம்மந்தியம்மா என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, நோட்டும் பேனாவுமா நீங்க என்ன செய்யுதீங்க? கல்யாணத்துல மொய் எழுதுற மாதிரி?" என்றாள். கல்யாண வீட்டில் என்னை மொய் எழுத விட்டதே இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "நாலாந்தேதி வரைக்கும் பாப்பேன். நிக்கலன்னா டின் பால வாங்கிக் குடுத்து எங்க பிள்ளைய நாங்க வளத்துக்கிடுவோம்."

பிள்ளை: நான்கு. ரத்தம் ஒன்றில்.

நவம்பர் 24, திங்கள்

இன்று ஏழாம் நாள். நிற்கவில்லை.

ரஞ்சனி இளைத்துவிட்டாள். ஆனாலும் ஒழுங்காகத் தின்கிறாள், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கம்மஞ்சோறு, மீன் குழம்பு, தேங்காய்ப்பால் ஆப்பம். (தேங்காய்ப்பாலுக்கும் அக்காவிடம் அரைமணி நேரம் வாதாட வேண்டியிருந்தது.) இத்தனை சுத்தமாக இருந்தும் ரத்தம் வருகிறது என்றால் என்ன அர்த்தம்? நோட்டில் எழுதாத ஒன்று உள்ளே போகிறது என்று அர்த்தம். எட்டாம் வகுப்புக்கு இது தெரியும். கள்ளத்தீனி.

அக்காவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. சாயந்திரம் போய்த் தயிர்ச்சட்டியில் தயிர் நின்ற அளவுக்குக் கோடு போட்டு வைத்தாள்.

நவம்பர் 25, செவ்வாய்

பிடித்துவிட்டேன். கட்டிலுக்கு அடியில் கிரீம் பிஸ்கட் தாள்.

எல்லாரையும் கூடத்துக்கு வரவழைத்து, தாளை உயர்த்திக் காட்டினேன். ரஞ்சனி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"நா திங்கல."

"பின்ன பிள்ளை தின்னுச்சா?"

"மாமா, வாய அடக்கிப் பேசுங்க."

"தாய்மாமன்ட்ட பேசுற பேச்சாட்டி இது?"

"தாய்மாமன்னா கட்டிலுக்கடியில என்ன வேல?"

அக்கா அழுதாள். யாரிடமிருந்தோ செய்தி சங்கரன்கோவில் போய், மாப்பிள்ளை கோமதிநாயகம் போனில் கத்தினான். ரஞ்சனி போனைக் காதில் வைக்காமல் தொடையில் வைத்துக்கொண்டாள். அவன் கத்தியது எல்லாருக்கும் கேட்டது. நான் கட்டிய எந்த ஸ்பீக்கரும் அவ்வளவு சுத்தமாகக் கேட்டதில்லை.

செய்தி சொன்னது நான்தான். உறவு என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பின்குறிப்பு: அந்தப் பிஸ்கட் ஞாயிற்றுக்கிழமை மின்விசிறியைக் கழற்றித் துடைத்தபோது கட்டிலில் ஏறி நின்று நான் தின்றது என்று ராத்திரி படுத்தபிறகு ஞாபகம் வந்தது. அதனால் என்ன? அவள் திங்கவில்லை என்று அதுவும் நிரூபிக்கவில்லையே.

நவம்பர் 26, புதன்

ரத்தம். மூன்று முறை.

நவம்பர் 27, வியாழன்

விடாத மழை. வீடே குளிர்ந்து கிடக்கிறது. நல்லெண்ணெய் தோசை, மிளகு ரசம், சோறு, அவித்த முட்டை.

காலையில் ரஞ்சனி லேகிய டப்பாவோடு மாடிக்கே வந்துவிட்டாள். என்னோடு பேசி இரண்டு நாள் ஆகிறது. டப்பாவை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். மேலே வெள்ளை வெள்ளையாய்க் குருணை குருணையாக உறைந்திருந்தது.

"இது என்ன மாமா?"

"கருப்பட்டி பூத்துருக்கு."

"கருப்பட்டி வெள்ளையாப் பூக்குமா? அடுப்படியில நல்லெண்ணெய் இதே குளிருல தண்ணியாத்தான இருக்கு. மோந்து பாருங்க. பால்கோவா வாட."

"அது அதிமதுரம். உனக்கென்ன தெரியும்?"

"தண்ணியிலதான வேக வெச்சீங்க? பிள்ள மேல கை வெச்சுச் சொல்லுங்க."

"ஏட்டி! சீரு குடுத்த மாமன சத்தியம் பண்ணச் சொல்லுதியா? நீ தின்ன பிஸ்கட்டுக்கு நான் பதில் சொல்லணுமா?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஒரு விரலால் அந்த வெள்ளையைச் சுரண்டி, என் மேஜை மேல் தடவிவிட்டுப் போய்விட்டாள். அது இன்னும் அங்கேயே இருக்கிறது. கீழே அக்கா, பால் வற்றிவிடும் என்று அதட்டி அவளை லேகியம் தின்ன வைத்தது மாடி வரை கேட்டது.

நாளைக்குக் கயத்தாறு போக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் விஷயமாக.

நவம்பர் 28, வெள்ளி

கயத்தாறு போய் வந்தேன். அங்கே ஞானத்தாய் என்று ஒரு பெண்பிள்ளை, லேகியம் கிளறிக் கொடுப்பதில் கெட்டிக்காரி, ஊர்பட்ட பிரசவங்களுக்கு அவள் கைதான் என்று சொல்கிறார்கள். தற்செயலாகப் பார்த்தேன். தொழுவத்தில் மூன்று எருமைகள் வைத்திருக்கிறாள். வேறு எழுத ஒன்றும் இல்லை.

சாப்பாடு எழுத மறந்துவிட்டேன். அக்காவைக் கேட்டு எழுத வேண்டும்.

பிள்ளை: நான்கு. ரத்தம் இரண்டில்.

நவம்பர் 29, சனி

விடியற்காலை ஒரு விபத்து. பக்கத்து வீட்டுப் பூனை அலமாரியில் ஏறி லேகிய டப்பாவைத் தள்ளிவிட்டது. அவ்வளவும் சாக்கடையில். முதலில் பார்த்தது நான். உடனே கழுவியும் விட்டேன்.

"பூன திருகு மூடியத் தெறந்துச்சா மாமா?" என்றாள் ரஞ்சனி.

"மூடி லூசா இருந்திருக்கும்."

"டப்பாவத் தூக்கிட்டுச் சாக்கடை வரைக்கும் போச்சா?"

சில பெண்களுக்கு எதிலும் நம்பிக்கை கிடையாது.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "பேறுகாலத்துக்காரி லேகியம் இல்லாம எப்படில பாண்டி இருப்பா? பால் வத்திராதா? இன்னொரு டப்பா கிளறிக் கொண்டா." சரி என்றேன். தோள்பட்டை வலி என்றும் சொல்லிவைத்தேன்.

டிசம்பர் 1, திங்கள்

சோறு, சுறாப்புட்டு (கடைசியில் அவித்துவிட்டாள்), வெண்டைக்காய். பிள்ளை நான்கு முறை. ஒன்றில் மட்டும், நூல் மாதிரி.

டிசம்பர் 2, செவ்வாய்

ரத்தம் இல்லை. துணியை வெளிச்சத்தில் பிடித்து நானே பார்த்தேன். அக்கா பார்த்தாள். ரஞ்சனி வாங்கி இரண்டு முறை பார்த்தாள். மஞ்சள். வெறும் மஞ்சள்.

ரஞ்சனி துணியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா சொன்னாள்: "மாமா வெரட்டுன வெரட்டுல வாயக் கட்டிட்ட. இத முன்னாலயே செஞ்சிருந்தா பிள்ளைக்கு இத்தன நாளு ரத்தம் போயிருக்குமா?"

ரஞ்சனி அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

எனக்கு அப்போது பலத்த இருமல்.

டிசம்பர் 3, புதன்

ரத்தம் இல்லை. கன்னமும் ஆறிவருகிறது.

மாலையில் சங்கரவடிவும் மாப்பிள்ளையும் வந்தார்கள். நல்ல செய்தியைச் சொன்னதும் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். சங்கரவடிவு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"அப்போ இத்தன நாளும் திருடித் தின்னது உறுதியாயிட்டு. தின்னா வருது, விட்டா நிக்குது. நாளைக்கு ஆச வந்து மறுபடி தின்னா? இவள நம்பி எங்க பிள்ளைய விட முடியாது. நாளைக்கு டாக்டரம்மாட்டச் சொல்லி டின் பாலுக்கு எழுதி வாங்கிருவோம். பால நிப்பாட்டு."

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே, "அம்மா சொல்லுறதும் சரிதான ரஞ்சி" என்றான்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, நோட்ட நீங்கதான எழுதுனீங்க. பதினாறு நாளு. நா பாலோ தயிரோ தின்னதா ஒரு வரி இருக்கா? இருந்தா படிங்க. எல்லாரும் கேக்கட்டும்."

கூடம் முழுக்க என்னையே பார்த்தது. நானூறு பேர் முன்னால் பேசியவன். கண்ணாடியை மாடியில் வைத்துவிட்டேன், நாளைக்குப் படிக்கிறேன் என்றேன். கண்ணாடி நெற்றியில் இருந்தது.

"சரி. நாளைக்கு டாக்டர் படிக்கட்டும்" என்றாள்.

டிசம்பர் 4, வியாழன், காலை ஒன்பது மணி

பத்தரைக்கு டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும். அதற்கு முன் நடந்ததை எழுத வேண்டும்.

காலையில் சங்கரவடிவு பையிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலை எடுத்து அக்காவிடம் கொடுத்தாள். "உங்க தம்பி லேகியம் கொட்டிட்டுன்னு சொன்னீக. இது எங்க வீட்டுல கிளறுனது. எப்படியும் பால நிப்பாட்டப் போறோம், ஆனாலும் இவ இடுப்பு தேறணும்லா."

அக்கா ஒரு உருண்டை உருட்டினாள். ரஞ்சனி, "இதுல பால் இருக்கா?" என்று கேட்டாள்.

அதற்கு அக்கா சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "லேகியத்துல ஏதுட்டி பாலு? மாமா அன்னைக்கே சொன்னான்லா, சுக்குத் தண்ணியிலதான் வேக வைக்கணும்னு. இதுவும் அப்படித்தான் இருக்கும். தின்னு."

ரஞ்சனி என்னைப் பார்த்தாள். சத்தியம் கேட்கவில்லை. ஒன்றுமே கேட்கவில்லை. உருண்டையை வாய்க்குக் கொண்டுபோனாள், என்னைப் பார்த்துக்கொண்டேதான்.

நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். உருண்டை சுவரில் போய் ஒட்டியது.

"ஏலே, கிறுக்கா ஒனக்கு?" என்றாள் அக்கா. "அண்ணாச்சி, எங்க வீட்டு மருந்துல வெஷமா இருக்கு?" என்றாள் சங்கரவடிவு. மாப்பிள்ளை எழுந்தே விட்டான்.

"என்னன்னு நோட்டுல எழுதுதேன். டாக்டரம்மா வாசிச்சுச் சொல்லட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை. மைக்செட்டுக்காரனுக்கு இது முதல் தடவை.

டாக்டரம்மா அவர்களுக்கு,

பதினாறு நாள் சாப்பாடும் நான் எழுதியபடியே சரி. ஒன்று மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறது. தினமும் காலையும் மாலையும் நெல்லிக்காய் அளவு பூண்டு லேகியம், 28ஆம் தேதி மாலை வரைக்கும். மருந்து என்று விட்டுவிட்டேன். 29லிருந்து இல்லை. 2ஆம் தேதியிலிருந்து ரத்தமும் இல்லை. இன்றைக்கு வந்த பாட்டிலையும் கொண்டுவருகிறோம், அதில் என்ன இருக்கிறது என்று சம்மந்தியம்மாவிடம் நீங்களே கேளுங்கள். நான் கேட்டால் சண்டை வரும்.

என் மருமகள் எதையும் திருடித் தின்னவில்லை. கிரீம் பிஸ்கட் நான் தின்றது, 25ஆம் தேதிப் பக்கத்தின் அடியில் இருக்கிறது. அவளிடம் யாராவது பாலை நிறுத்தச் சொன்னால், என்னைக் கூப்பிட்டுக் கேளுங்கள். வாசலில்தான் நிற்பேன்.

ஆட்டோ வந்துவிட்டது. ரஞ்சனி பிள்ளையோடு ஏறி உட்கார்ந்து, கீழேயிருந்து, "மாமா, நோட்டு" என்று கையை நீட்டுகிறாள். வழியில் படித்துவிடுவாள். படிக்கட்டும், அவள்தான் முதலில் படிக்க வேண்டும்.

திருத்தம்: லேகியத்தை நான் கிளறவில்லை, கயத்தாறில் சொல்லி வாங்கியது. ரஞ்சனி கேட்டபோது அதில் என்ன இருந்தது என்றே எனக்குத் தெரியாது, 28ஆம் தேதி அங்கே போய்க் கேட்டபிறகுதான் தெரியும். 19ஆம் தேதிப் பக்கத்தில் "சுக்குத் தண்ணி" என்று இருப்பதை அடித்துவிட்டு, "எருமைப்பால், மூன்று லிட்டர்" என்று படிக்கவும்.